தலைமாட்டுக் குருசு

யார் அடித்தது இந்த வெள்ளையை? நான் அடிக்கவில்லை, யாரையும் அடிக்கச் சொல்லவும் இல்லை. கரைத்த சுண்ணாம்பு வாளியும் மட்டையும் இதோ என் காலடியில் இருக்கின்றன, தூக்கி வந்த தோள் இன்னும் வலிக்கிறது, ஆனால் அப்பாவின் கல்லறை ஏற்கெனவே பளிச்சென்று இருக்கிறது, குருசின் இடுக்கைக்கூட விடாமல் அடித்திருக்கிறது. விரலால் தேய்த்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. நேற்றே அடித்துக் காய்ந்த வெள்ளை. பூ வேறு. மஞ்சள் செவ்வந்தி, உதிரி இல்லை, தொடுத்த சரம், அதைக் குருசில் போடாமல் கால்மாட்டில் கொண்டுபோய் வைத்திருக்கிறது. கால்மாட்டில் யாராவது பூ வைப்பார்களா? செத்தவருக்குத் தலை எது கால் எது என்று தெரியாத ஆள் பனங்குறிச்சியில் உண்டா? தெரிந்து செய்த அவமானம்தான் இது. அதற்குள் கோயில் மணியும் அடித்துவிட்டது, சாமியார் புறப்பட்டிருப்பார். கல்லறைத் திருநாளுக்கு வரிசை வரிசையாக வந்து ஒவ்வொரு கல்லறையின் முன்னும் நின்று, பேர் என்ன என்று கேட்டு, வீட்டார் சொல்லும் பேரைச் சொல்லி மந்திரித்துத் தீர்த்தம் தெளித்து, எங்கள் வரிசைக்கு வருவதற்குள் வெயில் இறங்கிவிடும். இறங்கட்டும். நான் இங்கிருந்து அசையப் போவதில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கல்லறையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன், வருகிறவர் போகிறவர் முகத்தையெல்லாம் பார்த்தபடி.

வெள்ளையடித்ததற்கா இவ்வளவு என்று வேறு ஊர்க்காரர்கள் கேட்பார்கள். அவர்களுக்குத் தெரியாது. சந்தியாகப்பர் திருநாள் முடிந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு பங்குப் பேரவையின் பேரில் ஒரு அறிவிப்பு வந்தது. கல்லறைத் தோட்டத்தில் புதுக்குழிக்கு இடமே இல்லை, ஆகவே பராமரிக்க ஆள் இல்லாத கல்லறைகள் கேட்கிற குடும்பங்களுக்குக் கொடுக்கப்படும். மைக்கைப் பிடித்து அறிவித்தவன் யார்? இன்னாசிமுத்து. பேரவையின் துணைத்தலைவர், சிமெண்டுக் கடைக்காரன், மணியடிக்கிற வீட்டு இன்னாசி. அறிவிப்பை முடித்துவிட்டுப் பெண்கள் பக்கம் திரும்பி, நேரே என்னைத்தான் பார்த்தான். அன்றைக்கே எனக்குச் சுருக்கென்றது. ஒரு கல்லறைக்கு எவன் வெள்ளையடிக்கிறானோ அவனே பராமரிக்கிறவன், இரண்டு வருஷம் அடித்துவிட்டால் சாட்சி சொல்ல நாலு பேர் இருப்பார்கள், பிறகு நான் தொண்டை கிழியக் கத்தினாலும் என்ன நடக்கும். இந்த வருஷம் பார்த்து அம்மாவை விட்டு என்னால் நகர முடியவில்லை. சாமியார் வீட்டுக்கு வந்து, சாகப் போகிறவர்களுக்குப் பூசுகிற எண்ணெயைப் பூசி அவஸ்தை கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அம்மா இப்போது கஞ்சித் தண்ணீரையும் துப்புகிறாள், ஆனால் வாய் மட்டும் தெளிவாக இருக்கிறது, நாளெல்லாம் ஒரே பேச்சுதான், என்ன அப்பா குழியில வச்சிரு பிரகாசி, வேற எங்கயும் வச்சிராத. பழைய குழியைத் தோண்டி, இருக்கிற எலும்பைத் துணியில் கட்டி ஓரமாக வைத்துவிட்டுப் புதுப்பெட்டியை இறக்குவது எங்கள் ஊர் வழக்கம். புருஷன் குழியில் பெண்டாட்டி. அதற்குத்தான் அம்மா இத்தனை காலம் காத்திருக்கிறாள். இப்போதும் பக்கத்து வீட்டுப் பாக்கியத்தை உட்கார வைத்துவிட்டு ஓடிவந்திருக்கிறேன், நான் படியிறங்கும்போது அம்மா கேட்டாள், அப்பாவுக்கா போற, பூ வாங்குனியா. வாங்கினேன் அம்மா. நான் வாங்கின பூ பைக்குள் வாடிக்கொண்டிருக்கிறது.

முதல் வரிசையில் ஜெபச் சத்தம் கேட்கிறது. ஃபாதர் சேவியோ சின்ன வயசு, குரல் எடுப்பாக இருக்கும், இந்தப் பங்குக்கு வந்து ஒரு மழைக்காலம்கூட ஆகவில்லை, அவருக்கு எந்தக் கல்லறையும் ஒன்றுதான். எனக்கு அப்படி இல்லை. இந்தத் தோட்டம் எனக்கு ஒரு வகுப்பறை, கண்ணை மூடிக்கொண்டு வருகைப் பதிவு எடுப்பேன். நடுவில் உயரமாக நிற்கிற நடுக்குருசுக்கு அடியில் மாட்டுவண்டியில் வந்து இந்தக் கோயிலைக் கட்டிய வெள்ளைக்காரச் சாமியார். கருப்பட்டித் தண்ணீர் ஊற்றிச் சுண்ணாம்பு அரைத்துக் கட்டிய சுவர், இன்றைக்கும் ஆணி இறங்காது. அவரோடு கடற்கரையிலிருந்து வந்த மூன்று வீட்டார் மேற்கே. பஞ்சத்தில் வந்து ஞானஸ்நானத் தண்ணீர் வாங்கிக் கிறிஸ்தவரானவர்கள் அடுத்து. யார் யாருக்குச் சம்பந்தி, எந்த வீட்டுப் பெண் எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டாள், யார் வாரிசில்லாமல் போனார்கள், எல்லாம் எனக்கு அத்துப்படி. பங்கு வரலாறு வேண்டுமா, பிரகாசி டீச்சரிடம் போ என்பார்கள். பிஷப் வந்தபோதுகூட என்னைத்தான் பேசச் சொன்னார்கள். அதுவும் இன்னாசிக்குப் பொறுக்கவில்லை, நான் பேசி முடிக்கிற வரை ஒரு மாதிரி தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தான், எனக்கு மறந்துபோகுமா. எங்களுடையது உபதேசியார் வீடு, சாமியார் வராத நாளில் ஜெபம் சொல்லி வேதம் படிப்பித்து ஊரைக் கட்டிக் காத்த வீடு. அவனுடையது மணியடிக்கிற வீடு. திருநாள் சப்பரத்துக்கு முன்கொம்பு யார் தூக்குவது என்று தாத்தாக்கள் காலத்தில் தொடங்கிய பகை, நான் அவனோடு ஒரே வகுப்பில் ஒரே பெஞ்சு வரிசையில் படித்தும் ஒரு சிலேட்டுக் குச்சி கடன் வாங்கியது கிடையாது.

அவனுடைய அப்பா வியாகப்பன்தான் இதோ பக்கத்துக் கல்லறையில். விதியைப் பாருங்கள், பகையாளிகள் இரண்டு பேருக்கும் ஒரே வாரத்தில் ஒரே காய்ச்சல். என் அப்பா தொம்மை உபதேசியார் முதலில், வியாகப்பன் அவருக்குப் பின்னால். அப்பாவுக்குத் துக்கமணி அடித்ததே வியாகப்பன்தான் என்பார்கள். எனக்கு அப்போது இரண்டாம் வகுப்பு, பெட்டியில் அப்பாவின் நெஞ்சின் மேல் அந்தப் பித்தளைப் பாடுபட்ட சுரூபத்தை, சிலுவையில் தொங்குகிற ஏசுவை, வைத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது, வீட்டில் எந்நேரமும் கையில் வைத்திருப்பாரே அது, அதன் இடது கை கழன்று, அப்பாவே செம்புக் கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தார். நான் அந்தக் கம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், முகத்தைப் பார்க்கப் பயம். அந்தக் காலத்தில் அடக்கத்துக்குப் பெண்கள் கல்லறைக்கு வரக்கூடாது, அம்மா வாசற்படியோடு நின்றுவிட்டாள், சித்தப்பா மட்டும் போனார். அப்போது பங்கில் இருந்த பெரிய சாமியார் அப்பாவுக்கு ஒரு பெருமை செய்தார், ஊரில் வேறு யாருக்கும் கிடைக்காத பெருமை. எல்லாருக்கும் மேற்கே தலை, உயிர்த்தெழும் நாளில் எழுந்தால் முகம் கிழக்கே பார்க்கும், கோயிலில் சனங்கள் பீடத்தைப் பார்த்து நிற்பது மாதிரி. சாமியார்களுக்கு மட்டும் கிழக்கே தலை, அவர்கள் எழுந்தால் சனங்களைப் பார்ப்பார்கள். உபதேசியாரையும் அப்படியே வை என்று பெரிய சாமியார் சொல்லிவிட்டார். அதனால்தான் இந்த வரிசையில் என் அப்பாவுக்கு மட்டும் குருசு கிழக்கே நிற்கிறது, மற்ற எல்லாக் குருசும் மேற்கே நிற்கிறது. சின்ன வயசில் யாரிடம் சண்டை வந்தாலும் கடைசியில் இதைத்தான் சொல்லுவேன், எங்கப்பா ஊரைப் பாத்துப் படுத்திருக்காரு, உங்கப்பா முதுகப் பாத்துப் படுத்திருக்காரு. புதைத்த மண் காய்வதற்குள் பெரியகுளம் உடைந்தது. தண்ணீர் தோட்டத்துக்குள் புகுந்து மரக்குருசுகளையெல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டது. வடிந்த பிறகு புது மண்மேடு இரண்டும் பேரில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. சித்தப்பா வந்து நின்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லையாம், நடுக்குருசுக்குப் பக்கத்தில் இருக்கிற மேட்டைக் காட்டி, இதுதான், உபதேசியார நடுக்குருசு பக்கத்துல வைக்காம மணியடிக்கிறவனையா வைப்பாக என்றாராம். ஆண்டு நினைவுக்கு அங்கே சிமெண்டுக் குருசு ஏறியது. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மா வந்து அழுத இடம் இது. கால் விழுகிற வரை வந்தாள்.

இப்போது எதற்கு எனக்குக் குளம் உடைந்தது ஞாபகம் வருகிறது. வெள்ளையடித்தவனைக் கண்டுபிடிக்க வேண்டும். இன்னாசிதான், வேறு யார். அவனுக்கு மண்ணாசை இன்று நேற்று வந்ததில்லை. அவன் அம்மா அருளாயி செத்தபோது என்ன செய்தான்? புருஷன் குழி இதோ இருக்கிறது, தோண்டி அதில் வைக்க வேண்டியதுதானே, அந்த அம்மாளும் அதைத்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். தோண்டவும் செய்தார்கள், காலையில் மண்வெட்டிச் சத்தம் கேட்டதாக எல்லாரும் சொன்னார்கள். பிறகு திடீரென்று மூடிவிட்டு, மதில் ஓரத்தில் புதுக்குழி வெட்டி அங்கே கொண்டுபோய் வைத்தான். ஏன் என்று கேட்டவர்களுக்குக் குழியில் ஊற்றுத் தண்ணீர் என்றான். சித்திரை வெயிலில் பனங்குறிச்சியில் ஊற்றுத் தண்ணீர்! கிணற்றிலேயே வாளி தரை தட்டுகிற மாதம் அது. ஒரே குடும்பத்துக்கு இரண்டு இடம் பிடிக்கிற தந்திரம் என்று நான் அப்போதே சொன்னேன், பாக்கியம்கூட ஆமா போட்டாள். இரண்டு போதாதென்று இப்போது மூன்றாவதுக்கு வருகிறான். போன மாதத்திலிருந்து வீட்டு வாசலுக்கு வந்து வந்து நிற்கிறான், அம்மாவுக்கு எப்படி இருக்கு டீச்சர், ஒரு விஷயம் பேசணும். தலைமுறையாகப் பேசாத வீட்டுக்காரன் சாகக் கிடக்கிறவளைப் பற்றி எதற்குக் கேட்கிறான்? பிணம் எப்போது விழும் என்று பார்க்கிறான். நான் கதவைச் சாத்திவிட்டேன். திரும்பவும் வந்தபோது நாயை அவிழ்த்துவிட்டேன். அது அவனைக் கடிக்காமல் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது, சோறு போடுவது நான்.

ஜெபம் நெருங்கிவிட்டது, எங்கள் வரிசையின் அந்தக் கோடியில் சாம்பிராணிப் புகை தெரிகிறது. பேர்? சூசையம்மாள். பேர்? மரியதாஸ், அவன் மகன் இன்னும் கைக்குழந்தை. இன்னாசி தன் அப்பாவின் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருக்கிறான். என்னைப் பார்க்கிறான், உடனே பார்வையைத் திருப்பிக்கொள்கிறான், குற்றமுள்ள நெஞ்சு. அவன் வைத்திருக்கிற பூவும் அதே மஞ்சள் செவ்வந்தி, அதே நார், பிடித்துவிட்டேன், ஒரே சரத்தை இரண்டாக வெட்டியிருக்கிறான். ஆனால் பூவை எங்கே வைத்திருக்கிறான்? அவன் அப்பாவுக்குக் குருசு மேற்கே. பூ கிழக்கே கிடக்கிறது. திரியும் கிழக்கே எரிகிறது. தன் அப்பனுக்கும் கால்மாட்டிலா வைப்பான் ஒருத்தன்? எனக்குச் செய்தது அவமானம் என்றால் தன் சொந்த அப்பனுக்குச் செய்தது என்ன? வயசாகிறது, தடுமாற்றமாக இருக்கும். இல்லை, தடுமாற்றம் இல்லை, கல்லறைத் திருநாளுக்குக் கல்லறைத் திருநாள் அவன் அங்கேதான் வைக்கிறான், நான் பார்த்திருக்கிறேன், பார்த்துச் சிரித்திருக்கிறேன். என் அப்பாவுக்கு மேற்கே பூ, அவன் அப்பாவுக்குக் கிழக்கே பூ. மேற்கே, கிழக்கே. அவன் எழுந்து வருகிறான். வரட்டும், நாலு பேர் முன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கிறேன்.

"வெள்ளையடிச்சது நீருதான?"

"நாந்தான் டீச்சர்."

"எவரக் கேட்டு அடிச்சீரு? எங்கம்மா இன்னும் சாகல. செத்தாலும் இந்தக் குழி உமக்கு வராது."

"எனக்கு வேண்டாம் டீச்சர். அம்மாவ இதுல வச்சிராதீங்க, அதச் சொல்லத்தான் வாசல் வாசலா வந்தேன். இதுல கெடக்கது எங்கப்பா."

கேட்டீர்களா. இதுதான் கதை. இடத்தைப் பிடிக்க இப்படி ஒரு கதை கட்டுவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை, இருந்தாலும் நன்றாகத்தான் கட்டியிருக்கிறான். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான், பக்கத்துக் கல்லறைக்காரர்கள் காது கொடுக்கிறார்கள்.

"எங்கம்மைக்குக் குழி தோண்டுன அன்னைக்கு நானும் உள்ள எறங்குனேன். தலை இருக்க வேண்டிய பக்கம் காலெலும்பு கெடக்கு. தலை கெழக்க இருக்கு. அப்பவே எனக்குக் கையுங் காலும் ஓடல. அப்புறம் மண்ணுக்குள்ள ஒரு பித்தளைச் சுரூபம் தட்டுப்பட்டுது. ஒரு கைய செம்புக் கம்பி போட்டுச் சுத்தியிருந்துது. அதத் தொடச்சு, இருந்த எடத்துலயே திருப்பி வச்சேன்."

செம்புக் கம்பி. இந்தக் கம்பியை நான் யாரிடமும் சொன்னதில்லை. பிஷப் முன்னால் பேசியபோதுகூடச் சொல்லவில்லை.

"அப்பவே ஏன் சொல்லல?" இது என் குரல்தானா.

"அன்னைக்கு வெள்ளிக்கெழம டீச்சர். குழிய விட்டு ஏறி வாரேன், உங்கம்மா, மிக்கேலம்மா சித்தி, இந்தக் குருச கட்டிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காவ. என்னப் பாத்ததும், ஏ இன்னாசி, அம்மா போயிட்டாளா, குடுத்து வச்சவ, புருசன்ட்ட போய்ச் சேந்துட்டா, எனக்கு எப்ப வருமோன்னு அழுதாவ. எங்க வீட்டுல பிணம் கெடக்கு. அவுக கட்டிப் பிடிச்சிருக்கது எங்கப்பா கால்மாடு. அத எந்த வாயால சொல்ல? மூடிட்டு மதில்கிட்ட வேற குழி வெட்டுங்கன்னுட்டேன். இனி உங்க வீட்டுக்குன்னு இதத் தோண்டும்போது ஊரு முன்னால தெரிஞ்சு போகும், நீங்க அந்நேரம் ஒடஞ்சு போவீக. அதுக்கு முன்ன சொல்லணும்னு பாத்தேன். வெள்ளையடிச்சது தப்புத்தான். ஒரு தடவையாவது எங்கப்பாவுக்கு எங்கையால அடிப்போம்னு தோணிச்சு."

நடுக்குருசுக்குப் பக்கத்துல வைக்காம மணியடிக்கிறவனையா வைப்பாக. சித்தப்பா, பாவி மனுஷா. கோடியிலிருந்து நடுக்குருசை நோக்கிச் செத்த வரிசைப்படி வைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள், அவ்வளவுதான், யார் பெரியவர் யார் சின்னவர் என்று குழி வெட்டுகிறவன் பார்க்கவில்லை. எங்களுக்குத்தான் வேறு மாதிரி நினைக்கவே தெரியவில்லை. அம்மா இத்தனை காலம் வியாகப்பனின் காலைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறாள். நான் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்த அன்றைக்கு ஓடிவந்து முதலில் சொன்னது வியாகப்பனிடம். என் கல்யாணம் நின்றுபோனபோது வந்து வைது தீர்த்தது வியாகப்பனை. அப்பா பக்கத்திலேயே படுத்துக்கொண்டு, ஊரைப் பார்த்த முகத்தோடு, நான் அடுத்தவரிடம் பேசுவதையெல்லாம் கேட்டிருக்கிறார். அவருக்கு யார் களை பிடுங்கியது, யார் திரி ஏற்றியது? அந்தக் கிழக்குப் பூ. நான் பார்த்துச் சிரித்தேனே, அந்தப் பூ. தெரிந்த நாளிலிருந்து என் அப்பாவின் தலைமாட்டில் பகையாளி வீட்டுப் பையன் பூ வைத்திருக்கிறான், தன் அப்பாவுக்கு வைக்க வழியில்லாமல். அவன் அம்மா மதில் ஓரத்தில் தனியாகக் கிடக்கிறாள், என் அம்மா அழுதுவிட்டாள் என்பதற்காக. எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் பாருங்கள், உள்ளே ஒரு மூலையில் இன்னும் ஒரு குரல் கேட்கிறது, நம்பாதே, போய்த் தோண்டிப் பார், நம்பாதே. இந்தக் குரலோடுதான் நான் இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். செம்புக் கம்பி, செம்புக் கம்பி என்று அதற்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

புகை முகத்தில் அடிக்கிறது. ஃபாதர் சேவியோ முன்னால் நிற்கிறார், வேர்த்திருக்கிறார், அவருக்கு இது இன்றைக்கு எத்தனையாவது கல்லறையோ. சிமெண்டுக் குருசில் தொம்மை உபதேசியார் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது, என் கையால் கறுப்புப் பெயிண்ட் தொட்டு எழுதியது. இன்னாசி பக்கத்துக் கல்லறைக்குப் போய்விட்டான். குனிந்து நிற்கிறான், பிஷப் வந்த அன்றைக்குக் குனிந்திருந்த மாதிரியே.

"பேர் சொல்லுங்க டீச்சர்," என்கிறார் ஃபாதர்.

அம்மாவின் முகம் வருகிறது. துப்பிய கஞ்சி, தெளிவான வாய். நான் சொல்லிவிட்டால் ஊருக்குத் தெரியும், பங்கு வரலாறு தெரிந்த பிரகாசி டீச்சருக்குச் சொந்த அப்பன் குழி தெரியவில்லை என்று சந்தைக்குச் சந்தை பேசுவார்கள். சொல்லாவிட்டால் அம்மா அடுத்தவர் புருஷனோடு கிடப்பாள், உயிர்த்தெழும் நாளில் கண்ணைத் திறந்து பக்கத்தில் வியாகப்பனைப் பார்ப்பாள்.

"வியாகப்பன்," என்றேன்.

ஃபாதர் குருசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பின்னால் யாரோ, டீச்சருக்கு என்னாச்சு, வீட்டுல அம்மா கெடையில கெடக்காவ, கலங்கிட்டாவ என்றார்கள்.

"கலங்கல. வியாகப்பன். மணியடிக்கிற வீட்டு வியாகப்பன். மந்திரிங்க ஃபாதர்."

மந்திரித்தார். தீர்த்தம் என் முந்தானையிலும் தெறித்தது. பக்கத்துக் கல்லறைக்கு நகர்ந்து அங்கேயும் பேர் கேட்டார். இன்னாசி அழுகிறான், இந்த வயசில் ஆம்பளை இப்படி அழுது நான் பார்த்ததில்லை. நான்தான் எழுந்து போனேன். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"தொம்மை," என்றேன். "எங்கப்பா."

ஃபாதர் அடுத்த கல்லறைக்குப் போய்விட்டார். பைக்குள்ளிருந்து என் பூவை எடுத்துக் கிழக்கே, அவன் வைத்திருந்த சரத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். "அருளாயி அத்தையயும் மதில்கிட்டருந்து உங்கப்பாட்ட கொண்டு வந்துருவோம்," என்றேன், "நான் பேரவையில சொல்லுதேன்." அவன் தலையை ஆட்டினான். சுண்ணாம்பு வாளி அங்கேயே கிடந்தது, இந்தக் கல்லறைக்கு இன்னும் வெள்ளையடிக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன், எனக்காக விட்டு வைத்திருக்கிறான். மட்டையை நனைத்துக் கிழக்கிலிருந்து தொடங்கினேன். வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்பாள், அப்பாவுக்குப் பூ வச்சியா என்று. வச்சேம்மா என்று வழக்கம்போலச் சொல்லுவேன், இந்த ஒரு வருஷம்தான் அது நிஜம்.